சத்தம் போதாது

"சத்தம் போதாதுங்க. இதைவிடச் சத்தமா வெடிக்கிறது ஒண்ணு காட்டுங்க."

புரொபசருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

புரொபசர் என்றால் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் இல்லை. வீட்டு உபயோகப் பொருள் கடையின் இரண்டாவது தளத்தில் பதினான்கு வருடமாக விற்பனையாளர். இஸ்திரிப் பெட்டி கேட்டு வந்தவரிடம்கூட மின்சாரம் பிறந்த கதையைச் சொல்லிவிட்டுத்தான் விலையைச் சொல்வார். கூட வேலை செய்கிறவர்கள் கேலியாக வைத்த பெயர் அது. அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். வாசலில் நுழையும்போதே ஆளை எடைபோட்டுவிடுவார் என்று ஊரே சொல்வதாக அவரே சொல்லிக்கொள்வார்.

அந்தப் பெருமைதான் இன்று வினையாகிவிட்டது. கடைக்கு வந்து நாற்பது நாளாகியும் ஒன்றுகூட விற்காத, சத்தமே போடாத பாப்கார்ன் மெஷினைப் பார்த்து மேலாளர் காலையில் பெருமூச்சு விட்டார்.

"கவலைய விடுங்க சார். அடுத்து பாப்கார்ன் மெஷின் கேட்டு வர்ற ஆள் தலையில இதைக் கட்டிக் காட்டுறேன்" என்றார் புரொபசர், எல்லார் முன்னாலும்.

"கட்டிட்டா தளப் பொறுப்பாளர் நாற்காலி உங்களுக்கு. இல்லேன்னா அந்தப் பேச்சையே இனிமே எடுக்கக் கூடாது. சரியா?"

இப்போது மேலாளர் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே, நகக்கண்களில் கிரீஸ் போகாத ஒரு லாரி மெக்கானிக் நின்றான்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி" என்று செருமினார் புரொபசர். "உலகமே சத்தத்தைக் குறைக்கத்தான் பாடுபடுது. இதைப் பாருங்க. ரெட்டைச் சுவர். இருநூறு சோளம் வெடிச்சாலும் பூனை நடந்த மாதிரி இருக்கும். பக்கத்து ரூம்ல தூங்குற குழந்தைக்குக்கூடக் கேக்காது!"

"அப்ப அது வேண்டாங்க."

புரொபசர் எடைபோட்டார். ஆள் கொஞ்சம் செவிடு. பாவம், சின்ன வயது.

"வீட்டுல எத்தனை பேரு?" என்று முழுத் தொண்டையில் கத்தினார். மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஏங்க கத்துறீங்க? எனக்கு நல்லாத்தான் கேக்குது."

சரி, எடை கொஞ்சம் பிசகிவிட்டது. புரொபசர் குரலைத் தாழ்த்தினார். "புரிஞ்சு போச்சு. மாடி வீட்டுக்காரன் தொல்லை. பதிலுக்கு நீங்களும் சத்தம் போடணும். அதானே?"

"மாடியே இல்லைங்க. தனி வீடு."

"அப்ப... உங்க வீட்டுக்காரம்மா கொஞ்சம் அதிகமாப் பேசுவாங்களோ?"

"அவ பேசினா ரேடியோவை நிறுத்திட்டுக் கேக்கிற ஆளு நான்."

மூன்றாவது எடையும் போச்சு. வேறு வழியில்லாமல் மெஷின்களை ஒவ்வொன்றாக ஓட்டிக் காட்டினார். காற்றில் பொரிப்பது 'உஸ்' என்று இரைந்தது. "காத்துச் சத்தம் சோளத்தை முழுங்கிடுது" என்றான் மெக்கானிக். கண்ணாடிக் கூண்டு வைத்தது படபடவென்று பொரிந்தது. "கும்பலாக் கேக்குது. ஒண்ணு ஒண்ணாத் தெரியணும். பளிச்சுனு."

"தம்பி, நீங்க வாங்குறது பாப்கார்ன் மெஷினா, மேளமா?"

மெக்கானிக் சிரித்தான். அவன் பார்வை கீழ்த்தட்டுக்குப் போனது. "அது என்னங்க?"

புரொபசர் முகம் சுருங்கியது. அது கைப்பிடியைச் சுற்றிச் சோளம் பொரிக்கிற தகரப் பாத்திரம். கடையிலேயே மலிவான சரக்கு. "அதெல்லாம் மெஷினே இல்லை. அதை வித்தேன்னு வெளியில சொன்னா என் கௌரவம் என்னாகிறது?"

"உங்க கௌரவத்துக்கு நான் பொறுப்பு. அடுப்புல வைங்க."

வைத்தார்.

டப்!

தளமே திரும்பியது. டப்... டப்! தகர மூடியில் ஒவ்வொரு சோளமும் ஆணி அடிப்பது போல அறைந்தது. மேலாளர் அறையை விட்டே வெளியே வந்துவிட்டார். மெக்கானிக்கின் முகத்தில் பரீட்சையில் முதலாவதாக வந்தவனின் பெருமை.

"இதேதாங்க! இருங்க, கீழ என் வீட்டுக்காரியும் பாப்பாவும் நிக்கிறாங்க. பாப்பாதான் முடிவு பண்ணணும்." போனில் கூப்பிட்டான்.

"என்ன புரொபசர், நாற்காலிப் பேச்சு அவ்வளவுதானே?" என்றார் மேலாளர் காதோரமாக.

"பொறுங்க சார். பாப்பா இன்னும் சொல்லலையே!" புரொபசருக்கு உயிர் வந்தது. குழந்தைகளை மயக்குவதில் அவரை மிஞ்ச ஆள் உண்டா?

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள் எட்டு வயதுச் சிறுமி. புரொபசர் மண்டியிட்டு, இருக்கிற தேனையெல்லாம் குரலில் ஊற்றினார். "கண்ணு, அந்தத் தகரம் வேண்டாம், என்ன? இந்த அழகு மெஷினைப் பாரு. இதுதான் வேணும்னு அப்பாகிட்டச் சொல்லு பார்ப்போம்."

சிறுமி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொல்லும்மா. கூச்சமா?"

அவள் முதுகுக்குப் பின்னால் 'டப்' என்றது. விருட்டென்று திரும்பி, கையைத் தட்டிக்கொண்டு குதித்தாள் சிறுமி.

"கூச்சமெல்லாம் இல்லைங்க" என்றான் மெக்கானிக், தளம் முழுக்கக் கேட்கும்படி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "எட்டு வருஷமா இடி விழுந்தாலும் திரும்பாத பொண்ணு. ஆபரேஷன் பண்ணி, போன வாரந்தான் காதுக்குக் கருவி மாட்டிவிட்டாங்க. அன்னைக்கு ஆஸ்பத்திரி வாசல்ல அவ முதமுதலாத் திரும்பிப் பார்த்தது, பாப்கார்ன் வெடிக்கிற சத்தத்துக்குத்தாங்க!"