ஏறிவரும் லாரிக்கு வழி

மலையூரான கரியாலூரில், வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் வீடியோ கேமில் ஒரு மாநகரம் மழையில் நனைந்து மின்னுகிறது. வென்றவருக்கே வீட்டின் புது வேனை முதன்முதலாக மலையிறக்கும் உரிமை என்பதால், பவானியும் தம்பி தமிழழகனும் மூச்சடக்கிக் கார்களை விரட்டுகின்றனர். எந்தச் சந்திலும் புகலாம் என்னும் இவ்விளையாட்டின் சுதந்திரம் அவளைச் சிலிர்க்கச் செய்கிறது. மேம்பாலச் சரிவில் முன்னணியில் இறங்குகிறவள், எதிரே லாரியொன்று ஏறிவரக் கண்டதும், ஏறும் வண்டிக்கே முதல் வழி என்னும் மலைப்பாதை வழக்கப்படி ஓரங்கட்டி நிற்கிறாள். "கேம்ல யாருக்குக்கா வழி வுட்டுக்கினு நிக்கிற?" என்று நகைத்தபடி முந்தும் தமிழழகன், லாரியில் நேராக மோதுகிறான். தெறித்த கார் மீண்டும் சாலையில் முளைக்கிறது, ஆனால் அவளுக்கு வெகு பின்னால். "இம்மாம் அடிச்சும் ஒரு கீறல் இல்ல, இன்னாடா கேமு இது?" என்றபடியே பவானி எல்லைக்கோட்டைக் கடக்கிறாள். அவள் கால் தரையில் இல்லாத பிரேக்கை இன்னும் மிதித்துக்கொண்டிருக்க, கை வேன் சாவிக்கு நீள்கிறது.