வெறுங்கால் நடை

2024 ஜூன் 11, சேலம். செயற்கைக் கால் செய்யும் பட்டறையில் சண்முகப்பிரியாவுக்கு வேலைத் தேர்வு. அவள் பொருத்திய காலோடு, விசைத்தறி ஓட்டும் தண்டாயுதபாணி செருப்புப் போட்டு நடக்கிறார். நடை சீராக இருக்கிறது. முதலாளி ஜீவானந்தத்தின் முகம் மலர்கிறது. அவளோ, தண்டாயுதபாணியின் நல்ல காலின் விரலிடுக்கில் ஒட்டியிருக்கும் பஞ்சையே பார்க்கிறாள். “தறிக்குடோனுக்குள்ள செருப்போட போவீங்களாண்ணா?” “போனா ஊட்டுக்காரி வெளக்கமாத்தை எடுத்துருவா சாமி.” “அப்பக் கழட்டிட்டு நடங்க.” செருப்பின் குதி உயரத்துக்கு அமைத்த கால் அது; செருப்பைக் கழற்றியதும் அவர் பின்னால் சாய்ந்து, பக்கத்திலிருக்கும் கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கிறார். ஜீவானந்தத்தின் முகம் சுருங்குகிறது. அவள் மண்டியிட்டு, ஜன்னல் வெயிலில் மின்னும் கணுக்கால் திருகாணியைச் சற்றே திருப்புகிறாள். “இனிமே தட்டைச் செருப்பா வாங்கிக்கங்க. இப்பக் கம்பிய உடுங்க.” அவர் விடுகிறார். சுவர்வரை நடக்கிறார், திரும்புகிறார், “மாப்பிள்ளை பாக்க வந்தாப்பல எல்லாரும் பாக்கறீங்க” என்று சிரிக்கிறார். நாளை முதல் வேலைக்கு வரும்படி சண்முகப்பிரியாவிடம் ஜீவானந்தம் சொல்கிறார்.