மழையிலும் காவல்

பாறை ஓரத்தில் முளைத்த ஒரு புல்லுக்குள் இரண்டு மரபணுக்கள் இருந்தன. வளர்ப்பான் என்ற ஒன்று தினமும் வேலை செய்யும். இலையை நீட்டும், தண்டை உயர்த்தும். காப்பான் என்ற மற்றொன்று வருஷம் முழுக்கத் தூங்கும். கடும் வெயில் சுட்டால்தான் கண் விழிக்கும்.

அந்தக் கோடையில் பாறை கொதித்தது. காப்பான் துள்ளி எழுந்தது.

"தம்பி, உன் வேலையை நிறுத்து. சூட்டுல புரதமெல்லாம் சுருண்டு போகுது. அதை நிமிர்த்த இருக்கிற சத்து முழுக்க எனக்கு வேணும்."

"கதிர் பாதியில நிக்குதே அண்ணே."

"உயிர் இருந்தா கதிர் வரும்."

வளர்ப்பான் நிறுத்திவிட்டது. காப்பான் ஓய்வில்லாமல் உழைத்தது. சுற்றிலும் எத்தனையோ புற்கள் கருகின. இதுவும் பக்கத்துப் புல்லும் மட்டும் பிழைத்தன.

பிறகு மழை வந்தது.

"அண்ணே, நான் ஆரம்பிக்கட்டுமா?"

"அவசரப்படாதே. மறுபடி வெயில் அடிச்சா யார் பதில் சொல்றது?"

அடுத்த மழைக்கும் வளர்ப்பான் கேட்டுப் பார்த்தது. "பக்கத்துப் புல்லுல இருக்கிற காப்பான் முதல் மழை அன்னிக்கே தூங்கப் போயிடுச்சாம் அண்ணே."

"அதுக்குப் பொறுப்பு கிடையாது."

பக்கத்துப் புல் மளமளவென்று வளர்ந்தது. கதிர் விட்டு, இந்தக் குட்டைப் புல்லின் தலைக்கு மேல் சாய்ந்து நின்றது. கீழே ஒரே நிழல்.

காப்பான் அண்ணாந்து பார்த்தது. முகத்தில் அத்தனை திருப்தி.

"பாத்தியா தம்பி, நான் முழிச்சிருக்கிறதாலதான் ஒரு பொட்டு வெயில்கூட நம்ம மேல படல."