தோற்கக் கூடாத வழக்கு

மெம்ஃபிஸில் பஸ் மோதி எர்லீனுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாள். பஸ் கம்பெனியின் இன்ஷூரன்ஸ் அதிகாரி வெண்டல் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"கேஸ் முடிய ரெண்டு வருஷம் ஆகும்மா. அதுவரைக்கும் வாடகைக்கு என்ன செய்வீங்க? குடுக்கறத வாங்கிட்டுப் போங்க."

"நான் காத்திருப்பேன் சார். கேஸை நம்பி ஒருத்தங்க பணம் குடுத்திருக்காங்க. ஜெயிச்சா வட்டியோட திருப்பிக் குடுக்கணும். தோத்தா ஒரு டாலர்கூடத் தர வேண்டாம்."

அன்று சாப்பாட்டு மேசையில் வெண்டல் இதைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தார். "எர்லீனை எப்படியும் தோக்கடிச்சிடுவேன் பாரு!"

மனைவி மார்வா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அய்யய்யோ, வேண்டாம் வெண்டல்! அந்தப் பணம் நம்ம சேமிப்பு. நான்தான் குடுத்தேன்."

மறுநாள் காலை வெண்டல் எர்லீனுக்குப் போன் செய்தார்.

"இடுப்பு எப்படிம்மா இருக்கு? உங்க வக்கீல் கெட்டிக்காரர்தானே?"