மாடு விரட்டிய விசில்

“விலைன்னு ஒரு வார்த்தை வந்துச்சு, இதை அப்படியே தூக்கிக்கிட்டுப் போயிடுவேன், டெல்பர்ட்.”

பழைய துண்டில் சுற்றிய பொட்டலத்தை லவோன் மேசை மேல் வைத்தாள். டெல்பர்ட் வாயே திறக்கவில்லை. பத்து வருஷமாக நடையாய் நடந்து கேட்டதை இன்று அவளே கொண்டுவந்து வைக்கிறாள். வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கொள்ள அவருக்கென்ன பைத்தியமா?

துண்டைப் பிரித்தார். உள்ளே முழ நீளத்துக்கு, மூன்று பித்தளைக் குழல்கள் சேர்ந்த ரயில் விசில். லவோனின் அப்பா, டிரைவர் ஓரின் கீஃபருடையது. அந்தக் காலத்து டிரைவர்கள் விசிலைச் சொந்தமாக வைத்திருப்பார்கள். எந்த இன்ஜினைக் கொடுத்தாலும், அதில் இருப்பதைக் கழற்றிவிட்டுத் தங்களுடையதை மாட்டிக்கொள்வார்கள். தூரத்தில் ஊதும்போதே யார் வருகிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும்.

அந்த ஓஹையோ சிற்றூரில் டெல்பர்ட்டைக் கிறுக்கன் என்று சொல்லாதவர்கள் குறைவு. எழுபது வயது, தனிக்கட்டை. காயலான் கடைக்குப் போகவிருந்த பதினெட்டு நீராவி இன்ஜின்களை வாங்கி, அவற்றுக்கென்று அரைவட்டமாகப் புத்தம்புதுக் கொட்டகை கட்டி, நடுவில் இன்ஜினைத் திருப்பும் சுழல்மேடையும் போட்டிருந்தார். மற்றவர்கள் பெண்டாட்டி, பிள்ளை, பேரன் என்று வீட்டை நிரப்பியபோது அவர் கொட்டகையை நிரப்பினார். ஓரின் கடைசியாக ஓட்டிய 417-ஆம் நம்பர் இன்ஜினும் அங்கேதான் நின்றது, விசில் மட்டும் இல்லாமல். மறுநாள் கொட்டகைத் திறப்பு விழாவுக்காகக் காலையிலிருந்தே அதில் நெருப்புப் போட்டு நீராவி ஏற்றியிருந்தார்.

“ஒரு நிபந்தனை இருக்கு,” என்றாள் லவோன். “அம்மா பேசி எட்டு மாசமாச்சு. என்னையே யாருன்னு தெரியலை. சுவத்தைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்காங்க. இந்த வாரம் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“அடடா.”

“சின்ன வயசுல இந்த விசில் கேட்டதும் அம்மா உருளைக்கிழங்கை அடுப்புல ஏத்துவாங்க. அது வேகவும் அப்பா வாசல்ல வந்து நிக்கவும் சரியா இருக்கும். அம்மா இருக்கிற முதியோர் இல்லம் எதிர் மேட்டுலதானே? நல்லாவே கேட்கும். நாலரை மணிக்கு அப்பா ஊதற மாதிரியே ஊதுங்க. அம்மா ஒரே ஒரு வார்த்தை பேசிட்டாங்கன்னா விசில் உங்களுக்கு. பேசலைன்னா அவங்களோட பெட்டியிலயே வச்சுப் புதைச்சிடுவேன்.”

“புதைக்கிறதா? ஏம்மா, கல்நெஞ்சா உங்களுக்கு?”

“பத்து வருஷம் உங்க நச்சரிப்பைத் தாங்கினவளுக்கு எல்லா நெஞ்சும்தான் வரும். சரி, அப்பா எப்படி ஊதுவாருன்னு ஞாபகம் இருக்கா?”

“என்னைப் பார்த்தா இந்தக் கேள்வி? ரெண்டு நீளம். அப்புறம் கோழிக்குஞ்சு கத்தற மாதிரி குட்டியா மூணு. எங்க வீடு செங்கல் சூளைக்குப் பின்னாடி, தண்டவாளத்தை ஒட்டி. சத்தம் கேட்டா போட்டது போட்டபடி ஓடி வேலி மேல ஏறி நிப்பேன். போருக்குப் போன எங்கப்பாவை நான் போட்டோவுல கூடப் பார்த்ததில்லை. எனக்கு நினைவு தெரிஞ்சு முதல்ல கேட்டதே இந்த விசில்தான். இந்தக் கிறுக்கு அங்கே பிடிச்சதுதான்.”

“சூளைகிட்ட ரயில்வே கேட் எதுவும் கிடையாதே. அங்கே எதுக்கு ஊதணும்?”

“சூளைக்காரன் மாடுங்க தண்டவாளத்துல மேயுமாம். அதை விரட்டத்தான் ஊதுறாருன்னு எங்கம்மா சொல்வாங்க.”

“மாட்டுக்கா!” என்று லவோன் சிரித்துவிட்டாள். அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவள் போனதும் டெல்பர்ட் ஸ்பேனரோடு இன்ஜின் மேல் ஏறினார். உதவிக்கு வந்த வேலையாட்களைக் கிட்டவே விடவில்லை. தன் கையாலேயே விசிலை மாட்டி, இறுக்கி, சட்டை நுனியால் துடைத்தார்.

சரியாக நாலரைக்குக் கயிற்றை இழுத்தார்.

நீளமாக ஒன்று. நீளமாக இன்னொன்று. அப்புறம் குட்டியாக மூன்று. சாலையில், மோட்டார் வண்டியே தொடாத ஆமிஷ் சபைக்காரர் ஒருவரின் வண்டிக் குதிரை திடுக்கிட்டு நின்றது. டெல்பர்ட்டுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமே இல்லாமல் அழுதார்.

கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

“டெல்பர்ட்... அம்மா பேசிட்டாங்க.” லவோன்தான்.

“அப்பாடா! என்ன சொன்னாங்க? உருளைக்கிழங்கா?”

“முதல் ரெண்டுக்கும் அசையலை. அந்தக் குட்டி ஊதல் கேட்டதும் கண்ணைத் திறந்து என் கையைப் பிடிச்சாங்க. என் பேரைச் சொன்னாங்க.”

“நல்லதாப் போச்சும்மா. ரொம்ப நல்லதாப் போச்சு.”

மறுமுனையில் அவள் மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் போல என்று டெல்பர்ட் பொறுமையாகக் காத்திருந்தார்.

“டெல்பர்ட், அப்பா மாட்டை விரட்ட ஊதலையாம்.”

“பின்னே?”

“அம்மா சொன்னதை அப்படியே சொல்றேன். ‘லவோன், கிழங்கை இப்போ ஏத்தாதே, உங்கப்பா வர நேரமாகும். குட்டி ஊதல் நமக்கில்லை. சூளைக்குப் பின்னாடி வேலி மேல ஏறி நிக்கிறானே அவரோட மகன், அவனுக்கு.’”