தாலிக்குப் போன சாம்பியன்

"தாலிய ஊட்லயே வெச்சுப்போட்டு வந்துட்டேனுங்க!"

கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் அப்பா தம்பிதுரை அலறினார். முகூர்த்தம் முடிய அரை மணி நேரமே இருந்தது.

"காரு போனா சரவணம்பட்டி டிராபிக்ல சிக்கிக்குமுங்களே!" என்றார் சம்பந்தி.

"எம்பட மருமகன் மிதுன் இருக்காருங்க. சைக்கிள் ரேஸ்ல வருசா வருசம் அவருதான் சாம்பியன்!" என்றார் தம்பிதுரை.

மிதுனின் மனைவியான அவர் மகள் லோகப்பிரியா குறுக்கிட்டாள். "அப்பா, அது வந்துங்க..."

"நீ சும்மா இரு அம்மணி!"

மிதுன் சைக்கிளில் கிளம்பினான்.

முகூர்த்தம் முடிந்தது. ஐயரும் கிளம்பிவிட்டார். மிதுனைக் காணோம்.

"அதைத்தானுங்கப்பா சொல்ல வந்தேன்," என்றாள் லோகப்பிரியா. "அவரு ஓட்டறது ஸ்லோ சைக்கிள் ரேஸு. காலைத் தரையில ஊனாம கடைசியா வர்றவங்களுக்குத்தான் கப்பு!"

அப்போது மிதுன் தாலியோடு உள்ளே வந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

"நடந்து போனவங்க எல்லாம் என்னைய முந்திப்போட்டாங்க மாமா. காலை மட்டும் ஊனவே இல்லீங்க!"