ஜன்னலைச் சாத்திய படம்

புற்றுநோய் மருந்தால் முடி முழுக்கக் கொட்டிப்போன பிறகு வினோதா படமெடுக்கச் சம்மதிப்பது இதுதான் முதல் தடவை; அதுவும் இருட்டில்தான் என்கிறாள். ஓசூர் வாடகை வீட்டின் ஜன்னலைச் சாத்திவிட்டு, கதவிடுக்கில் கசியும் சாயங்கால வெளிச்சத்தை நம்பி, அவள் கணவன் பாலாஜி கேமராவின் ஒளியுணர்வான ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போகிறான். தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் போகிறது. கேமராத் திரையில் அவள் முகமெங்கும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மொய்க்கின்றன. "அசையாம இரு வினோ, ஷட்டர கொஞ்ச நேரம் தொறந்து வெச்சு எடுக்கறேன்." மூச்சை அடக்கியவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, படம் கலங்கிப்போகிறது. அவன் சலிக்காமல் மறுபடி குனிந்து எடுக்கிறான். அவள் கேமராவை வாங்கிப் பார்க்கிறாள். "என்னங்க, என் கண்ணுகூட தெரியலையே?" "வெளிச்சம் பத்தலைன்னா இப்படித்தான் வரும்மா." கொஞ்ச நேரம் மொட்டைத் தலையைத் தடவியபடி நிற்கிறவள், தானே போய் ஜன்னலை அகலத் திறக்கிறாள். "இப்ப எடுங்க."